முன்பணம் வாங்கியவன் குற்றவாளியா, கொடுத்தவன் குற்றவாளியா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் இன்னமும் தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் உண்டு. அந்தத் தறிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்பவர்கள் அல்ல. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார்கள். நெய்து கொடுத்தால் கூலி. முதலாளியிடம் நெய்பவர் என்றால் கூலியோடு இன்னொன்றும் உண்டு: முன்பணம். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூட ஃபீஸ் என்று எதற்காவது வாங்கியது. கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். சில வீடுகளில் கழியாமலே நிற்கும்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நெசவாளி ஒரு முதலாளியிடம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். பாதிப் புடவை நெய்த பிறகு தறியை அப்படியே விட்டுவிட்டு, கூலி அதிகம் தருகிற வேறு முதலாளியிடம் போய்விடுகிறார். இது குற்றமா?

தெருவில் கேட்டால், "ஏமாத்திட்டுப் போயிட்டான், போலீஸ்ல சொல்லு" என்பார்கள். பி.காம். வகுப்பில் கேட்டால், இது ஒப்பந்த மீறல், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆவது பிரிவின்படி நஷ்ட ஈடு கேட்கலாம், சிவில் வழக்குதான் என்று எழுதி மார்க் வாங்கலாம். 1860களில் மெட்ராஸில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் இப்படி ஒரு பிராது போயிருந்தால், "வேலையை முடி, இல்லையென்றால் மூன்று மாதம் கடுங்காவல்" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. 1976க்குப் பிறகு ஒரு நல்ல வக்கீலிடம் போனால், "அந்த முன்பணத்தை என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள், அதை முதலில் சொல்லுங்கள்" என்பார். ஏனென்றால் சில நேரங்களில் கொடுத்தவர்தான் ஜெயிலுக்குப் போக வேண்டும்!

ஒரே தறி, ஒரே பணம், ஒரே செயல். பதில் மட்டும் நான்கு. குற்றம் என்பது கல்லில் வெட்டிய விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த முன்பணத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வரிசை மீறினால் குற்றம்

தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய காலத்தில் இங்கே பெரிய தப்பு என்று கருதப்பட்டவற்றில் பல, இன்று யாருக்கும் தப்பாகவே தெரியாது. விஜயநகர காலக் கல்வெட்டுகளில் காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்குத் தண்டு, சங்கு உரிமை இருந்தது தெரிகிறது. அதாவது பல்லக்கில் போகலாம், சங்கு ஊதிக்கொள்ளலாம். வேறு ஊர்க் கைக்கோளர்களும் காஞ்சியில் இருப்பது போல எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உரிமை இல்லாத ஒருவர் பல்லக்கில் ஏறினால் அது சின்ன விஷயம் இல்லை, ஊரே திரண்டு வரும் விஷயம்.

மெட்ராஸிலும் அதே கதைதான். 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று பெரிய தகராறு. கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டும் தீரவில்லை. வலங்கைக்காரர்கள் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். ஒரு தெருவில் நடந்துபோனதற்கு இவ்வளவு! சாதியும் அந்தஸ்தும் எந்த வரிசையில் இருக்க வேண்டுமோ அந்த வரிசையை உடைப்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய குற்றம். அது நல்ல காலம் என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று சாதி பார்த்துத் தீர்மானித்த காலம் அது.

ஆனால் முன்பண விஷயத்தில் அந்தக் காலம் ஆச்சரியமானது. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு வழக்கத்தைக் காட்டுகிறார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தில் இருந்து விலகலாம். வியாபாரிக்கோ அந்த வசதி கிடையாது. கொடுத்த பணத்தை நினைத்தபோது திருப்பிக் கேட்க முடியாது. துணிக்கு விலை ஏறினால் நெசவாளி வேறு ஆளுக்கு விற்றுவிட்டுப் பழைய பணத்தைத் திருப்பித் தருவார். மனக்கசப்பு வரும், வம்பு வரும். ஆனால் அதற்காக அவரை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ரொம்பத் தொந்தரவு செய்தால் தறியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். நெசவாளர் போனால் வரியும் போகும் என்பதால் ஆட்சி செய்தவர்கள் சமாதானம் பேசித்தான் திரும்ப அழைத்தார்கள்.

வாங்குவதற்கும் ஆள் நிறைய. காஞ்சிபுரத்தில் இருந்து கிழக்கே போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், மெட்ராஸில் ஆங்கிலேயர். இவர்களைத் தவிர உள்ளூர் வியாபாரிகள். போட்டி இருந்த இடத்தில் நெசவாளிக்கு மரியாதை இருந்தது. டிமாண்ட், சப்ளை பாடம்தான், வேறொன்றும் இல்லை.

கடைக்காரனே ராஜாவானால்?

1763இல் ஆற்காடு நவாப் முகமது அலி, காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780களில் கம்பெனியின் நேரடி நிர்வாகமே வந்துவிட்டது. இதில்தான் விஷயம் இருக்கிறது. அதுவரை துணி வாங்க வந்த பல கடைக்காரர்களில் ஒருவராக இருந்த கம்பெனி, இப்போது வரி வாங்குகிற ராஜாவாகவும் ஆகிவிட்டது. துணி வாங்குபவரும் சட்டம் போடுபவரும் ஒரே ஆள்.

கம்பெனிக்கு அவசரமும் இருந்தது. கப்பல் காற்றுப் பருவத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். துணி வரத் தாமதமானால் முதலீடு முடங்கும். ஆகவே இடைத்தரகு வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு நெசவாளிக்கு நேரடியாக முன்பணம் கொடுத்து, "எனக்கு முடிக்கும்வரை அடுத்தவனுக்கு நெய்யாதே" என்று கட்டினார்கள். மேற்பார்வைக்குச் சேவகர்கள். மீறினால் அடி. வங்காளத்தில் இதை எழுத்திலேயே போட்டார்கள். 1793ஆம் ஆண்டின் 31ஆவது ரெகுலேஷன், கம்பெனியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி அந்த வேலையை முடிக்காமல் மற்றவருக்குத் துணி கொடுக்கக் கூடாது என்றது.

அதே நெசவாளி, அதே துணி. அப்பாவின் காலத்தில் பேரமாக இருந்த காரியம், மகனின் காலத்தில் மோசடி ஆகிவிட்டது. மகன் அப்பாவைவிடக் கெட்டவராகிவிட்டாரா என்ன?

இங்கிலாந்தில் மட்டும் என்ன வாழ்ந்தது

இது வெள்ளைக்காரன் கறுப்பனுக்குச் செய்த கொடுமை மட்டும் என்று நினைத்தால் பாதிதான் சரி. அதே காலத்தில் இங்கிலாந்திலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வீட்டில் இருந்து நெய்த நெசவாளிகள், தறியில் மிஞ்சும் நூல் துண்டுகளைத் தங்களுக்கு உரியது என்று வைத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் அது. 1777இல் கம்பளி நூல் தொழிலுக்கு வந்த ஒரு சட்டம், இப்படி நூலைப் பதுக்கியவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. வழக்கமாக வைத்துக்கொண்டது திருட்டானது.

1823இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதலாளி-வேலையாள் சட்டப்படி, வேலையை நடுவில் விட்டுப் போனவருக்கு மூன்று மாதம் வரை ஜெயில். முதலாளி கூலியைத் தராவிட்டால்? கூலியைக் கொடு என்று உத்தரவு, அவ்வளவுதான். ஜெயில் கிடையாது. 1857 முதல் 1875 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சராசரியாக 10,000 பேர் மீது இப்படி வழக்குப் போட்டார்கள். அவர்களில் யாரும் கொலை, கொள்ளை செய்தவர்கள் அல்ல. வேலைக்கு வராதவர்கள், வேலையை விட்டவர்கள்.

காரணம் புரியாதது இல்லை. எந்திரத்தில் பணத்தைப் போட்டவருக்கு ஆள் தினமும் வந்தாக வேண்டும். பழைய உலகம் வரிசை குலைவதைப் பார்த்துப் பயந்தது. புதிய உலகம் உற்பத்தி நிற்பதைப் பார்த்துப் பயந்தது. எதைப் பார்த்துப் பயமோ அது குற்றமாக எழுதப்பட்டது.

1859: மூன்று மாதம்

இங்கே அந்தச் சட்டத்தின் தம்பி 1859இல் பிறந்தது. வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம், 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். கல்கத்தா வியாபாரிகள் சங்கம் கேட்டு வந்தது. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் நகரங்களுக்குப் போட்டு, வேண்டிய இடங்களுக்கு நீட்டிக்கலாம் என்றார்கள். பிறகு நீலகிரி, வயநாட்டுத் தோட்டங்களில் ஓடிப்போன கூலிகளைப் பிடிக்கவும் இதுவே உதவியது.

சட்டம் சொன்னது இதுதான். கைத்தொழிலாளியோ கூலியாளோ முன்பணம் வாங்கிவிட்டு வேண்டுமென்றே வேலை செய்யாவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதா, வேலையை முடிக்கச் சொல்வதா என்பது முதலாளி இஷ்டம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் விடுதலை என்ற பழைய நெசவாளி வழக்கம் இங்கே தலைகீழாகிவிட்டது.

அடுத்து 1862இல் இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1872இல் ஒப்பந்தச் சட்டம் வந்தது. வணிகவியல் மாணவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு வியாபாரிகளுக்குள் ஒப்பந்தம் முறிந்தால் 73ஆவது பிரிவு, நஷ்ட ஈடு. முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் நடுவில் முறிந்தால் ஜெயில். அதுவும் கூலிக்காரர் முறித்தால் மட்டும். ஒப்பந்தம் என்றால் இரு சமமான தரப்புகள் என்று புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் படித்ததெல்லாம் எங்கே போயிற்று?

இங்கிலாந்து 1875இல் தன் சட்டத்தை ஒழித்துவிட்டது. அங்கே தொழிலாளிகளுக்குச் சங்கம் இருந்தது, நகரத் தொழிலாளிகள் பலருக்கு 1867இல் ஓட்டும் வந்திருந்தது. இந்தியாவில் அதே வகைச் சட்டம் இன்னும் 50 வருஷம் ஓடியது. 1925இல்தான் ரத்துச் சட்டம் வந்தது. தண்டனைச் சட்டத்தின் 492ஆவது பிரிவும் அதோடு போயிற்று.

அந்த 1925 சும்மா வரவில்லை. 1918இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். பக்கிங்ஹாம் மில் தகராறில், தொழிலாளிகளை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள் மேலேயே மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வழக்கு. கோர்ட் அவர்களுக்குத் தடை போட்டது. அந்தக் கொந்தளிப்பின் முடிவில் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. முதல் நாள் வரை சதி என்று சொல்ல முடிந்த காரியம், மறுநாள் பதிவு செய்த சங்கத்தின் உரிமை ஆனது.

1976: மூன்று வருஷம்

இப்போது கதை முழுசாகத் திரும்புகிறது. 1933இல் பிள்ளையின் உழைப்பை அடகு வைத்து முன்பணம் வாங்குவதைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் தானாகவே ரத்து. அப்படிப்பட்ட கடனைக் கொடுத்தவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில். 1859இல் வாங்கியவருக்கு மூன்று மாதம், 1976இல் கொடுத்தவருக்கு மூன்று வருஷம்!

எல்லா முன்பணமும் கொத்தடிமைக் கடன் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடனால் குறைந்தபட்சக் கூலியை இழந்தாரா? வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழந்தாரா? ஊர்விட்டு ஊர் போகும் உரிமையை இழந்தாரா? தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாரா? இவைதான் சட்டம் கேட்கும் கேள்விகள். கடைசிக் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். 1793இல் கம்பெனி எதைச் சட்டமாகப் போட்டதோ, அதையே 1976இல் இந்தச் சட்டம் அடிமைத்தனத்தின் அடையாளம் என்கிறது.

காஞ்சிபுரத்துக்கு இது வெறும் வரலாறு இல்லை. உடலும் பார்டரும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்கு, நெசவாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ள ஒரு உதவி ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு சிறுவனோ சிறுமியோதான். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில், முன்பணத்துக்காகப் பட்டுத் தறியில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றிச் சொன்ன இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. அந்தப் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி பணம் கொடுத்தவர் என்று? கடன் வாங்கிய நாம்தான் தப்பு செய்கிறோம், போலீஸ் வந்தால் நம்மைத்தான் பிடிக்கும் என்ற பயம்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப விடாமல் வைத்திருந்தது. 1925இல் செத்த சட்டம் மனசுக்குள் உயிரோடு இருக்கிறது.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். காஞ்சிபுரத்து முதலாளிகள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. பத்துத் தறி வைத்து, தானும் கடன் வாங்கிப் பட்டும் ஜரிகையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வட்டியில்லாமல் கொடுத்த பணத்தோடு ஆள் போய்விட்டால் அவர் என்ன செய்வார்? சிவில் வழக்குப் போட்டால் எத்தனை வருஷம் இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டையும் ஜரிகையையும் எடுத்து விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி, அன்றும் இன்றும் குற்றம்தான். அதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் கடனைத் திருப்பித் தர முடியாதது வேறு, ஏமாற்றுவது வேறு. கடனை வசூலிக்க ஆளையே பிடித்து வைப்பது மூன்றாவது விஷயம். கடனைக் கூலியோடு முடிச்சுப் போட்டதுதான் சிக்கலின் வேர். கல்யாணச் செலவுக்குக் கடன் வங்கியில் கிடைத்தால், கூலி கூலியாக இருக்கும், கடன் கடனாக இருக்கும். நெசவாளி பேரம் பேசலாம், முதலாளியின் பணமும் முடங்காது. போலீஸைவிட இது இரண்டு பேருக்குமே நல்லது.

இந்த எல்லைக்கோடு இன்றும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. செக் பவுன்ஸ் ஆவது 1989 ஏப்ரலுக்கு முன்னால் தனிக் குற்றம் இல்லை. இன்று 138ஆவது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை. மறுபக்கம், 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, தொழில் செய்பவர்களைப் பயமுறுத்திய பல சிறைத் தண்டனைகளை அபராதமாக மாற்றியது. நல்லதாகவே இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் இடத்தில், 138ஆவது பிரிவு 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலையைச் செய்கிறதா இல்லையா?

குற்றத்தின் இலக்கணம் மாறுகிறது என்பதால் எல்லாமே சும்மா பேச்சு, நியாயம் என்று ஒன்று இல்லை என்று முடிவு கட்டத் தேவையில்லை. ஒரு சட்டம் நியாயமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒப்பந்தத்தை இரு தரப்பில் யார் மீறினாலும் தண்டனை ஒன்றா? மாட்டிக்கொண்டவர் பணத்தைக் கொடுத்துவிட்டோ கொடுக்க முடியாமலோ வெளியே போக வழி இருக்கிறதா? 1859 இரண்டு கேள்வியிலும் ஃபெயில்.

கடைசியாக ஒரு தகவல். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதிலும் ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு மிச்சம் இருக்கிறது, 357ஆவது பிரிவு. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நோயாளியையோ குழந்தையையோ பார்த்துக்கொள்வதாகச் சட்டப்படி ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கைவிடுவது. அங்கே சட்டம் பலவீனமானவர் பக்கம் நிற்கிறது. இருக்க வேண்டிய பிரிவுதான். அடுத்த தடவை காஞ்சிப் பட்டு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள், அதை நெய்தவர் எப்போது வேண்டுமானாலும் அந்தத் தறியைவிட்டு எழுந்து போகக் கூடியவரா என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் பதிலைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.